நெல் அறைச் சுவரில் நான் பூசிய சிமெண்ட்

அந்தப் பண்ணை வீட்டின் நெல் அறைச் சுவருக்கு சிமெண்ட் பூசியவன் நான். எண்பதுகளின் நடுவில் நடந்தது. சுவரில் ஈரம் தெரிகிறது என்று கூப்பிட்டார்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்தேன். தரையிலிருந்து உத்தரம் வரை சிமெண்டை இழுத்துப் பூசினேன். வழவழவென்று வந்தது.

ஐந்தாவதோடு நின்றவன் நான். சிட்லபாக்கத்தில் ஏரியைச் சுற்றி வீடுகள் எழும்பிய காலத்தில் தொழில் பழகினேன். எல்லாம் சிமெண்ட் வேலை. சிமெண்ட் என்றால் கெட்டி. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வீடு திருமுடிவாக்கம் போகிற வழியில் இருந்தது. நெல்லுக்காகவே கட்டின வீடு. நடுவில் அகலமான முற்றம். காயவைத்த நெல்லை அப்படியே தள்ளிவிட, முற்றத்தைப் பார்த்துத் தரையோடு தரையாக ஒரு குட்டைக் கதவு. அது திறப்பது நெல் அறைக்குள். ஆள் போக தாழ்வாரத்துப் பக்கம் ஒரு கதவு. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. உச்சியில் இரண்டு துவாரம் மட்டும். சுவர் ஒன்றரை முழம் கனம். சித்திரையிலும் உள்ளே குளிர்ச்சி. மேலே ஒரு தேக்கு உத்தரம். அதன்மேல் குறுக்குக் கட்டைகள். கட்டைகளின்மேல் செங்கலை நிற்கவைத்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். அத்தனை பாரமும் உத்தரத்தின்மேல். உத்தரத்தின் முனை சுவருக்குள். நான் பூசின சுவருக்குள்.

பத்து வருடம் போயிற்று. தாம்பரத்தில் ஒரு கட்டட வேலை. அங்கே வந்த இன்ஜினியரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“சுண்ணாம்புச் சுவத்துக்கு சிமெண்டா மேஸ்திரி? மூச்சு விடுற ஆள் மூஞ்சில பிளாஸ்டிக் கவர் கட்டின மாதிரி. ஈரம் வெளிய வர முடியாம மேல ஏறும். மேல மரம் இருந்தா போச்சு.”

பூச்சுக் கரண்டியைக் கழுவக்கூட இல்லை. சைக்கிளை எடுத்தேன்.

வீட்டு வாசலில் புதிதாக ஒரு போர்டு நின்றது. நீலத்தில் வெள்ளை எழுத்து. அந்த வீட்டு அக்கா வெளியே வந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தது.

“இன்னா மேஸ்திரி, வழி தெரிஞ்சுதா? போர்டு பாத்தியா? பழங்கால வூடாம். சர்க்காரு வந்து நட்டுட்டுப் போனான்.”

அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டியது. பா, து, காக்கப்பட்ட. பாதுகாக்கப்பட்ட கட்டடம்.

“அவனே எழுதிக் குட்த்துட்டான், வூடு பத்திரமா கீதுன்னு. இனிமே இன்னா பயம்? ஒரு ஆணி அடிக்கக் கூடாதாம், அதான் பேஜாரு. இவரு துண்டு மாட்ட எடமில்ல.”

‘இவரு’ என்றது அதன் வீட்டுக்காரரை. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. குளிர்ச்சியாக இருக்கிறதென்று நெல் அறையில் கட்டில் போட்டிருந்தார்கள். உத்தரத்தின் முனைக்கு நேர் கீழே.

போர்டில் அடுத்த வரியை நான் படித்தேன். மாற்றினாலும் சேதப்படுத்தினாலும் தண்டனை.

உள்ளே போய் ஸ்டூலில் ஏறி உத்தரத்தைத் தட்டினேன். நடுவில் ‘டங்’ என்றது. முனைப் பக்கம் போகப்போகச் சத்தம் செத்தது. சுவரோரம் ‘தொப்’ என்றது. அந்த நேரம் ரோட்டில் இரும்பு ஏற்றின லாரி போயிற்று. தொழிற்பேட்டை வந்தபின் நாள் முழுக்க லாரிதான். கட்டிலில் படுத்திருந்தவர் மார்பில் மாவு மாதிரி தூசி விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. கை வராது.

“இன்னா மேஸ்திரி, நீ பூசுனது கெட்டியா கீதா?” என்றது அக்கா.

“கீது” என்றேன்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜெயில் பயம். மூன்று நாள் வேலைக்குப் போனேன். எந்த லாரி போனாலும் கை நின்றது. நான்காம் நாள் காலையில் மழை பிடித்தது. மழையில் தளம் தண்ணீர் குடிக்கும். பாரம் ஏறும். நனைந்துகொண்டே போனேன்.

“கட்டிலை வெளிய எடு அக்கா” என்றேன்.

“உனக்கு இன்னா ஆச்சு? போர்டுலயே பாதுகாப்புன்னு போட்டுகீது.”

“அது வூட்டுக்குப் பாதுகாப்பு அக்கா. நம்மகிட்டேருந்து வூட்டக் காப்பாத்தறாங்க. நமக்கு இல்ல.”

அக்கா மேலே பார்த்தது. “உனக்கு எப்டித் தெரியும்?”

“நான்தான் கெடுத்தேன். சிமெண்ட் போட்டு.”

அக்கா கட்டிலின் காலைப் பிடித்தது.

“அன்னிக்கே தட்டிப் பாத்தியே. சொல்லாமப் பூட்டியே.”

கட்டிலில் இருந்தவர் வாய் கோணிச் சிரித்தார். “கெ...ட்டின்னான்” என்றார். இரண்டு பேருமாகக் கட்டிலைத் தாழ்வாரத்துக்கு இழுத்தோம்.

மழை விட்டதும் சவுக்குக் கட்டை வாங்கிவந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மறுவாரம் போர்டு நட்ட துறையின் ஆபீசர் வந்தார். முனையைத் திறந்து காட்டச் சொன்னார். என் பூச்சை நானே கொத்தினேன். மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான மூக்குப்பொடி மாதிரி ஒன்று கொட்டியது. சுவருக்குள் நாலு விரல் அளவுக்குத்தான் மரம் மிச்சம்.

“யாரு பூசினது இது?”

“எந்த ஊரு ஆளோ, சார்” என்றது அக்கா.

“நான்தான் சார்” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். முட்டுக் கட்டையை அசைத்துப் பார்த்தார். “மாத்து மரம் வர்ற வரைக்கும் இதை எடுக்காதே” என்றார். என்னை யாரும் வந்து கூட்டிப்போகவில்லை. மாற்று மரமும் நான் பார்த்தவரை வரவில்லை.

அறை காலியாகக் கிடந்தது. ஆணி அடிக்க முடியாததால் அக்கா தன் வீட்டுக்காரர் துண்டை நான் கொடுத்த முட்டுக் கட்டையில் மாட்டியிருந்தது. உள்ளே போகாதே என்றாலும் கேட்காது, எட்டிப்போய் எடுத்துவரும். மாதம் ஒரு முறை போவேன். அறை வாசலிலேயே நிற்பேன். முட்டு தளர்ந்துவிட்டதா என்று தெரிய, லாரி வரும்வரை இருந்து, அந்தத் துண்டு ஆடுகிறதா என்று பார்ப்பேன்.