டம்மி முகம்

போன வாரம் அலுவலகத்தில் ஒரு புடவை விளம்பரத்தை எல்லோரும் கூடிப் பார்த்துக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் திரையில் இருந்த முகத்தைக் காட்டி, "இது டம்மிதான் மேடம், அப்புறம் மாத்திடலாம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். ஏன் என்று அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விஷயமும்தான். உங்களிடம் சொல்லலாம்.

டம்மி என்றால் வேறொன்றுமில்லை. நிஜமான படம் வந்து சேரும்வரை இடத்தை அடைத்து வைக்க ஏதோ ஒரு படத்தைப் போட்டு வைப்போம். அளவு பார்க்க, நிறம் பார்க்க. பிறகு எடுத்துவிடுவோம். எடுத்துவிட வேண்டும்.

காஞ்சிபுரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் குமரவேல் அண்ணன் ஒரு கிராபிக்ஸ் கடை வைத்திருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். பட்டப்படிப்பை முடித்து, கூடவே ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்து, அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், விசிட்டிங் கார்டு என்று போய்க்கொண்டிருந்த கடைக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வந்தது. இங்கே நாங்கள் வடிவமைத்து சி.டி.யில் போட்டு சென்னைக்கு அனுப்புவோம். அச்சாகி, சுருட்டி, பஸ்ஸில் பார்சலாக வரும். பிரித்ததும் மண்ணெண்ணெயும் நகப்பூச்சும் கலந்த மாதிரி ஒரு வாடை கடை முழுக்க அடிக்கும். எனக்கு அந்த வாடை பிடித்திருந்தது. ஆத்துக்கு வந்தால் அம்மா, "குளிச்சுட்டு உள்ள வா" என்பாள். சமையல் நடக்கிற தளிகை அறைப் பக்கமே விடமாட்டாள்.

நாங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலை ஒட்டிய தெருவில் இருந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். உற்சவ நாட்களில் பெருமாளுக்கு முன்னால் போகிற கோஷ்டியில் சேர்ந்து பிரபந்தம் சொல்லிச் சேவிப்பவர். பெண் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. என்ன வேலை என்று கேட்டால், "பிரிண்டிங் சம்பந்தமா" என்று பாதியில் நிறுத்திக்கொள்வார்.

அந்த வருஷம் காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் கடை முகப்பையே மறைக்கிற அளவுக்குப் பெரிய பேனர் கேட்டார். பொம்மைக்குக் கட்டிவிட்ட அரக்குப் பட்டுப் புடவையின் படத்தைக் கொடுத்தார். "தலைக்கு நல்லதா ஒரு பொண்ணு பாத்துப் போடுங்க" என்றார். ஏதோ புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கச் சொல்வது போல.

குமரவேல் அண்ணன் அப்போதுதான் டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். சோதித்துப் பார்க்க என்னையும் ஒரு படம் எடுத்திருந்தார். அந்த முகத்தை வெட்டிப் பொம்மையின் கழுத்துக்கு மேல் வைத்தேன். டம்மிக்குத்தான். வைத்ததோடு விட்டிருக்கலாம். என் இடது கன்னத்தில், காதுக்கும் வாய்க்கும் நடுவில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வடு. அம்மா அப்பம் பொரித்துக்கொண்டிருந்தபோது எண்ணெய் தெறித்து வந்தது. அப்போது எனக்கு மூன்று வயது. பக்கத்துத் தோலை எடுத்து மேலே ஒட்டுகிற கருவி ஒன்று உண்டு. நாலைந்து தடவை மௌஸை அழுத்தினேன். வடு போய்விட்டது. பிறகு நிறத்தையும் கொஞ்சம் ஏற்றினேன். மூக்கைக்கூட லேசாக. கழுத்து ஒட்டகத்துக்கு மாதிரி நீண்டிருந்தது, அதை மட்டும் கவனிக்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் திருவள்ளூரில் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம். நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

கல்யாணம் முடிந்து நாங்கள் மூவரும் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். காந்தி ரோட்டில் ஆட்டோ மெதுவானது. ஓட்டுநர் எங்கள் தெருவை ஒட்டி இருப்பவர். தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சார், நம்ம பாப்பா மாதிரியே இருக்குது!"

மூன்று மாடி உயரத்துக்கு நான் நின்றுகொண்டிருந்தேன். அரக்குப் பட்டில், வெள்ளை வெளேர் என்று, சிரித்துக்கொண்டு. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. "போப்பா" என்றார் ஓட்டுநரிடம்.

மறுநாள் காலையில் கடைக்கு ஓடினேன்.

"அது டம்மிண்ணா! டம்மின்னுதானே சொல்லிட்டுப் போனேன்?"

"நான் என்னமா பண்றது? ஓனர் வந்து பாத்துக்கினே நின்னாரு. இந்தப் பொண்ணுதான் வேணும்னுட்டாரு. யாருன்னுகூட அவருக்குத் தெரியல. நம்ம கடையிலயே வேலை செய்யற பொண்ணுதான்னு நான்தான் சொன்னேன். நம்பலயே மனுஷன்" என்றார் குமரவேல் அண்ணன்.

நம்பவில்லை என்றது பேனரைவிட அதிகமாகச் சுட்டது. ஜவுளிக்கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "கருட சேவைக்கு ஊரே திரளும். அது முடியட்டும்மா, கழட்டிடறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் எங்கோ போய்விட்டு அப்போதுதான் செருப்பை விட்டுக்கொண்டிருந்தாள். அவளும் காந்தி ரோட்டுக்குத்தான் போயிருக்கிறாள். எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருக்கிறாள்.

"கன்னத்துல இருந்தது எங்கேடி?"

"கம்ப்யூட்டர்ல எடுத்துட்டேம்மா."

"அவ்வளவு உறுத்திண்டா இருந்தது நோக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாப் படத்துக்கும் செய்வதுதான் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. நான் குளிக்கப் போய்விட்டேன். அன்று முதல் நான் சமையலறைக்குள் வந்தால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு நின்றாள்.

கருட சேவை அன்று விடியலில் பெருமாள் காந்தி ரோட்டில் எழுந்தருளினார். குடைகளுக்கு முன்னால் கோஷ்டி. கோஷ்டியில் அப்பா. கூட்டத்துக்குள் நான் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். ஜவுளிக்கடை நெருங்க நெருங்க அப்பாவுக்குப் பக்கத்தில் வந்த ஒருவர் மேலே பார்த்தார், இன்னொருவர் தோளை இடித்துக் காட்டினார். அப்பா தரையைப் பார்த்தபடி சேவித்துக்கொண்டே போனார். எப்போதும் கணீரென்று கேட்கும் குரல் அந்த இடத்தில் எனக்குக் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. அன்று நான் பெருமாளைச் சேவித்த ஞாபகமே இல்லை.

இதில் வேடிக்கை, அந்தப் பேனரைப் பார்த்து ஒரு வரன் வந்தது. கருட சேவைக்கு வந்த ஒரு மாமி பேனரில் இருக்கிற பெண் யார் என்று விசாரித்து, நம்மவாள்தான் என்று தெரிந்து, தன் தங்கை பிள்ளைக்குக் கேட்டு வந்துவிட்டார். பையன் பெங்களூரில் வேலை. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, நான் சேவித்துவிட்டு எழுந்தேன். மாமி என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"போர்டுல இது இல்லையே? இப்ப ஏதாவது பட்டுதா?"

அப்பா விசிறியை எடுத்தார். அம்மா சமையலறை வாசலில் இருந்து நடுக்கூடத்துக்கு வந்தாள்.

"பட்டது இப்ப இல்ல மாமி. என் கையால ஆனது. குழந்தைய இடுப்புல வச்சுண்டு எண்ணெய்ச் சட்டிகிட்ட நின்னேன். சூடு பட்டதும் பயத்துல கீழ போட்டுட்டேன். அப்புறம்தான் எடுத்தேன்" என்றாள்.

கீழே போட்டாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது என்பது விசிறி நின்றதில் தெரிந்தது. அத்தனை வருஷம் தனக்குள் வைத்திருந்ததை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அவள் சொல்லும்படி ஆயிற்று. என் நாலைந்து மௌஸ் அழுத்தல்களுக்காக. நான் அப்போதாவது அவள் பக்கத்தில் போய் நின்றிருக்கலாம். தட்டில் இருந்த சொஜ்ஜியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் பலகாரம் சாப்பிட்டார்கள். கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்கள். சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பேனரையும் சொன்னபடியே கழற்றினார்கள். அடுத்த வருஷம் நான் சென்னைக்கு வேலைக்கு வந்துவிட்டேன். வேறு இடத்தில், வேறு ஆள் கேட்டு வந்து, கல்யாணமும் ஆயிற்று. இன்றைக்கும் டம்மி என்றால் நான் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்தான் போடுவேன். ரசனையே இல்லாத மேடம் என்று எனக்குப் பெயர் உண்டு.

குமரவேல் அண்ணன் பிறகு மனை வியாபாரத்துக்குப் போனார். அவர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மாவும் மூன்று வருஷத்துக்கு முன் போய்விட்டாள்.

வடு வயதோடு மங்கிக்கொண்டே வந்தது. இப்போது கண்ணாடியில் தேடினாலும் அகப்படுவதில்லை. இதோ இங்கே என்று நான் ஒரு இடத்தில் விரலை வைக்கிறேன். அதுதானா என்று எனக்கே நிச்சயமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தொட்டுச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள்.