சால்ட் லேக்கில் என் பேத்தி சீட்டாடியதைப் பார்க்கப் போனேன்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், நேரமாகும். நாகர்கோவிலில் எங்கள் ஆட்கள், "கல்கத்தாவில் ஒரு பொம்பளப்பிள்ளையைச் சீட்டாட அனுப்புகிறார்களாமே" என்று கேட்டார்களாம். ஆமாம், அனுப்பினோம். நானும் கூடப் போனேன். போய்ப் பார்க்காமல் பேசுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டத்தின் பெயர் பிரிட்ஜ். பல நாட்டு இளவட்டங்கள் அணி அணியாக ஆடும் போட்டி கல்கத்தாவிலேயே சால்ட் லேக் பக்கம் நடந்தது. என் மகன் ரகுவின் மகள் வசு நம் அணியில் ஒருத்தி, பத்தொன்பது வயது. ரகுவுக்குக் கல்கத்தாத் துறைமுகத்தில் வேலை, நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம். முந்தின நாள் சாப்பிடும்போது அவளிடம், "நாளைக்கு ஜெயிச்சா அடுத்த சுற்று. தோத்தா சீட்டை மூட்டை கட்டிட்டு பாங்க் பரீட்சைக்குப் படிக்கணும். ஒரே பேச்சு" என்றான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. "நாளைக்கு நானும் போறேன்" என்றேன்.

காலை ஏழு மணிக்கு பெஹாலா சௌரஸ்தாவில் டாக்சி பிடித்தோம். பதினேழு கிலோமீட்டர். டிரைவர் பீகார்காரர், நூற்றைம்பது கேட்டார். நான் நூற்றுப்பத்து என்றேன்.

"மாஜி, பனி பாருங்க, ரோடே தெரியல."

"தெரியலைன்னா மெதுவாப் போ. மெதுவாப் போறதுக்கு எதுக்கு அதிகம்?"

நூற்றிருபதில் முடிந்தது. தாராதலா, மோமின்பூர், பார்க் சர்க்கஸ் தாண்டி பைபாஸ் ஏறியபோதுதான் வெயில் வந்தது. மீன் வளர்க்கிற ஏரிகள் மேல் புகை மாதிரிப் பனி நின்றது. வசு கண்ணை மூடி விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டே வந்தாள்.

எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் என் புடவையையும் நரைமுடியையும் பார்த்துவிட்டு, "மாஷிமா, கீர்த்தனை பக்கத்துக் கட்டடத்துல" என்றார். அவர்கள் பேச்சில் மாஷிமா என்றால் பெரியம்மா.

"கீர்த்தனை வீட்டுலயே கேட்டாச்சு. நான் சீட்டுப் பார்க்க வந்திருக்கேன்" என்று அவருடைய பெங்காலியிலேயே சொன்னேன்.

அவர் சிரித்துக்கொண்டு விதி சொன்னார். ஒரே ஆட்டக்காரர் பின்னால்தான் உட்கார வேண்டும், பேசக் கூடாது, மூச்சு விடுகிற சத்தம்கூடப் பெரிதாக இருக்கக் கூடாது, புகார் வந்தால் வெளியே போக வேண்டும். வசுவின் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு ஆட்டம். ஐரோப்பாவிலிருந்து வந்த அணியோடு. மேஜைக்குக் குறுக்காக மூலைக்கு மூலை ஒரு பலகைத் திரை. இந்தப் பக்கம் வசுவும் ஒரு வெள்ளைக்காரப் பையனும். அந்தப் பக்கம் அவர்களுடைய கூட்டாளிகள். கூட்டாளியின் முகம் கூட்டாளிக்குத் தெரியாது. ஜாடை காட்ட வழியே இல்லை. அதோடு, இங்கே போட்ட அதே சீட்டுகளை அடுத்த அறையிலும் இரண்டு அணியும் இடம் மாறி ஆடுகின்றன. நல்ல சீட்டு வந்தது, ஜெயித்தான் என்று யாரும் சொல்ல முடியாது. இதைச் சூதாட்டம் என்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கட்டும்.

எனக்குச் சீட்டு புதிதில்லை. எங்கள் ஊரில் இருபத்தெட்டு ஆடுவோம். அதில் ஜாக்கிதான் பெரியது, அடுத்தது ஒன்பது. ராஜா ராணிக்கெல்லாம் மதிப்பே கிடையாது. அந்தக் கண்தான் எனக்கு.

பதினொன்றரை இருக்கும். வசு எடுத்த கையில் ஒரு ஜாக்கி இல்லை, ஒன்பது இல்லை. இஸ்பேட்டில் ஒரு ராணி, இரண்டு சின்னச் சீட்டு. 'இந்த நேரத்திலா இப்படி ஒரு குப்பை' என்று எனக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பையன் ஆடினான். இஸ்பேட் வந்ததும் நின்றான். அந்த ராணி யாரிடம் இருக்கிறது, வசுவிடமா அவள் கூட்டாளியிடமா, அது தெரிந்தால் அவனுக்கு ஜெயம். யோசித்தான். மெல்லக் கண்ணைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். பிறகு, ராணி கூட்டாளியிடம் இருக்கிறது என்று முடிவு செய்து ஆடினான். வசுவின் ராணி அவன் போட்ட சீட்டை அடித்தது.

பையன் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டான். நடுவர் பெங்காலிக்காரர், கண்ணாடி போட்டவர். என் பக்கம் குனிந்தார்.

"மாஷிமா, நீங்க சோகமா முகம் காட்டி ஏமாத்திட்டதா சொல்றார்."

"சோகமாத்தான் இருந்தது. எங்க ஆட்டத்துல ராணிக்கு ஒரு மதிப்பும் இல்ல. அவர் சீட்டைப் பார்க்காம என் மூஞ்சியை எதுக்குப் பார்த்தார்? நான் இந்த ஒரு மூஞ்சியைத்தான் கொண்டு வந்திருக்கேன்."

நடுவர் அதை இங்கிலீஷில் சொன்னார். பையனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு அவனே சிரித்து, அந்தம்மா இருக்கட்டும் என்றான். நடுவர் என்னிடம், "இனிமே கீழே பாருங்க" என்றார். சாயங்காலம் வரை வசுவின் பின்னல் நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடரி வலித்தது. எழுந்திருக்கவில்லை.

நாலரைக்கு இரண்டு அறைக் கணக்கையும் சேர்த்தார்கள். நாலு பாயிண்டில் தோற்றோம்.

திரும்பும்போது மினிபஸ், ஆளுக்கு ஏழு ரூபாய். அழுவாள் என்று முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன். பார்க் சர்க்கஸ் வரை திரும்பவும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். அப்புறம், "ஆச்சி, கடைசிக்கு முந்தின கையில நான் டைமன் சீட்டை இறக்கியிருக்கணும்" என்றாள்.

"இறக்கியிருந்தா?"

"ஜெயிச்சிருப்போம். இனிமே அந்தத் தப்பைப் பண்ண மாட்டேன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "இனிமே ஏது?"

"வீட்டுக்கு வா மக்ளே" என்றேன்.

ரகு கதவைத் திறந்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததும், "சரி, முடிஞ்சுதா? நாளைக்கே கோச்சிங்ல சேர்த்துடறேன்" என்றான்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பத்தாங் கிளாஸ் கணக்குல நீ ரெண்டு தரம் தோத்தே. மூணாம் தரம் பீஸ் கட்டினது யாரு? படிப்பை விட்டுடுன்னு நான் சொன்னேனாடா?" என்று கேட்டேன்.

"அது படிப்பும்மா."

"நீ பாடத்தைப் பார்க்காமத் தோத்தே. இவ எங்க தப்பு பண்ணினோம்னு பஸ்ஸிலேயே கண்டுபிடிச்சுட்டா. இவ ஆடுவா."

அவன் உள்ளே போனான். மூன்று நாளாகிறது. கோச்சிங் பேச்சையும் எடுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஆகவே எழுதி முடித்துவிட்டேன்.

வசு, இங்கே வா. இதை முதலிலிருந்து சத்தமாக வாசி. எழுத்துப் பிழையைத் திருத்தாதே. அப்பா அறைக் கதவைத் திறந்து வை. கணக்கில் தோற்ற இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்தி வாசி.