அம்மா ஆயரைப் பார்க்கப் போனாள்

என் தம்பி கத்தோலிக்கச் சாமியாராகப் பட்டம் வாங்கிய அன்று, கூப்பிய கைகளை, சாமியார்களுக்கெல்லாம் தலைவரான ஆயரின் கைகளுக்குள் வைத்து, கீழ்ப்படிவேன் என்று வாக்குக் கொடுத்தான். கோயிலே கைதட்டியது. எனக்கு மட்டும் பகீரென்றது. பெற்றவளைத் தாண்டி இனி அவனுக்கு இன்னொருவர் சொல்தான் சொல்.

ஆனாலும் சில வருஷம் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, நாமக்கல் பக்கத்துப் பங்குக் கோயிலிலேயே இருந்தான். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோது டயாலிசிஸுக்கு அவன்தான் வண்டியில் கூட்டிப் போவான். அம்மாவுக்கு ஒரே ஆசை. "எனக்கு அவஸ்தைப்பூசுதல் குடுக்கறது என்ற மவனாத்தான் இருக்கோணும்" என்பாள். சாகக் கிடப்பவர் நெற்றியில் சாமியார் எண்ணெய் பூசிச் செபிப்பதைத்தான் சொன்னாள்.

அந்தக் கோடையில் மாற்றல் வந்தது. தூரத்து மலைப் பங்கு.

"ஆயர் சொன்னாச் சொன்னதுதானுங்க, அக்கா" என்று துணியை அடுக்கினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாற்றலை நிறுத்தச் சொல்லி இவன் கேட்கமாட்டான், பெற்றவள் கேட்கட்டும் என்று அம்மாவை ஆயர் இல்லத்துக்குக் கூட்டிப் போனேன். ஆயருக்கென்று பண்ணையில் வாங்கிய ஓர் அட்டை முட்டையை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு, பேச வேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்தபடி வந்தாள்.

ஆயர் வந்ததும் முழங்காலிட்டு அவர் மோதிரத்தை முத்தமிட்டாள். "என்னம்மா வேணும்?" என்று அன்பாகத்தான் கேட்டார். திருவிழாக் கூட்டத்தில் காலமெல்லாம் சொல்லிப் பழகிய வாய், "ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி" என்றது. அவரும் தலையில் கைவைத்து நிதானமாகச் செபித்தார். நான் பேச்செடுத்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். ஆசீர்வாதம் வாங்கிய பிறகு இன்னொன்றும் கேட்பது அவளுக்குப் பேராசை.

வெளியே வந்ததும், "அவரு முகத்தப் பாத்ததும் எல்லாம் மறந்துபோச்சு கண்ணு" என்றாள். திட்ட மனசு வரவில்லை.

மழைக்காலத்தில் அம்மாவுக்கு நோய் முற்றிவிட்டது. மலைப்பாதையில் மண் சரிந்து தம்பி வழியில் மாட்டிக்கொண்டான். வேறொரு சாமியார் வந்து எண்ணெய் பூசினார். அம்மா கண்ணைத் திறந்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். தம்பி வந்தபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம்.

அடக்கப் பூசைக்கு ஆயரே வந்தார். எங்கள் இருவர் பக்கத்தில் வந்து நின்று சொன்னார். "அன்னைக்கு அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவரை இங்கேயே விட்டிருப்பேனேம்மா."

பொய் சொல்லும் மனிதர் இல்லை அவர். அதுதான் என்னைக் கொன்றது.

அவர் கார் கிளம்பியதும் தம்பி, "நான் கேட்டிருக்கோணுங்க, அக்கா" என்றான்.