ராமசுப்புவின் கிரைண்டர் பரீட்சை

ராமசுப்பு போய்விட்டான் என்று போன் வந்தபோது விளாத்திகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். கடையிலேயே மாரடைப்பாம். கழற்றியதை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கோவில்பட்டி வந்து சேரும்வரை மனதுக்குள் அவனோடு சண்டைதான். கூட்டாகக் கம்ப்யூட்டர் கடை தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் சண்டை போடாத நாள் குறைவு.

அவன் மதர்போர்டு சோதிக்கிற லட்சணம் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிற உங்களில் எங்கள் கடைக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். வேகம் எப்படி, மெமரி எவ்வளவு ஏறும், கார்டு செருக இடம் உண்டா என்று ஊரில் எல்லோரையும் போலத்தான் முதலில் பார்ப்பான். பிறகு மத்தியான வெயிலில் ஃபேனை நிறுத்திப் பெட்டியைச் சாக்குப் போட்டு மூடுவான். பக்கத்து இட்லிக் கடையில் கிரைண்டர் போட்டால் எங்கள் கடை லைட் மங்கும். அதற்காகக் காத்திருப்பான். "மெட்ராஸ்ல ஓடுறது பெருசில்லலே, இங்கன ஓடணும்" என்பான்.

ஒரு வருஷம் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் ஆபீஸ் முழுவதற்கும் கம்ப்யூட்டர் கேட்டார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கப் புதுக் கம்ப்யூட்டர் பெட்டிகள் வந்தாக வேண்டும். அந்த ஆர்டர் கிடைத்தால்தான் மெயின் ரோட்டுக் கடை எங்களுக்குத் தங்கும். புதிதாக வந்த போர்டு ஒன்றை வரவழைத்தோம். படம், சத்தம், நெட்வொர்க் எல்லாம் அதிலேயே, வேகமும் பிரமாதம். ஆனால் கிரைண்டர் போட்டதும் ஒருமுறை அணைந்து எழுந்தது. அப்புறம் எத்தனை தடவை பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை.

"கரண்டுக் கோளாறுலே" என்றேன்.

"பழைய போர்டு இதே கரண்டுல நின்னுச்சுலா?"

நேரே முதலாளியிடம் போனான். "அண்ணாச்சி, இந்த வருசம் பழைய பெட்டிக்கே பொட்டு வச்சுக்கிடுங்க. வேற போர்டு வரவழைச்சுத் தாரேன்."

"பூசை நமக்காகக் காத்துக் கெடக்குமாய்யா?" என்று அவர் வேறு கடையில் வாங்கிவிட்டார். அதே போர்டுதான். ஒரு குறையும் இல்லாமல் வருஷக்கணக்காக ஓடியது. நாங்கள் மெயின் ரோட்டுக் கடையைக் காலி செய்துவிட்டு ஒரு மாடி அறைக்குப் போனோம்.

"இப்ப என்ன சொல்லுத?" என்று குத்திக்காட்டுவேன். "ஓடுனா சந்தோசம்தான். அதுக்காக நான் பாத்ததப் பாக்கலன்னு சொல்ல முடியுமாலே?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் அந்த மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "வாயுலே. சுக்குத் தண்ணி குடிச்சாச் சரியாப் போவும்" என்றான். குடித்தான், சரியாகவும் போயிற்று. போர்டைச் சாக்குப் போட்டு மூடிப் பார்த்தவன், தன் நெஞ்சை ஒரு தம்ளர் சுக்குத் தண்ணீரில் பாஸ் பண்ணிவிட்டான். அழுகையைவிட எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த ஆர்டரை விட்டது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் "ஓடுதுலா, பெறகென்ன?" என்று யாராவது சொன்னால் இப்போது எனக்கு இருப்புக்கொள்வதில்லை. அவனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தச் சந்தேகம்தான். ஊர்ப் பெட்டிக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவன், அதில் கொஞ்சம் தனக்கென்று வைத்திருந்திருக்கலாம், பாவிப்பயல்.