டிக்ளைன் அமுக்காத அண்ணாச்சி

முக்கூடலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி போன் செய்தால், முதலில் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பார். அன்று கேட்கவில்லை. "யம்மா, உடனே வா. கடை மானம் போவுது" என்றார்.

வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். மானம் போகிறது என்று வரும் போன்களில் பாதி, பிரிண்டர் வயர் கழன்று கிடப்பதாகத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் விஷயம் பெரிசு. கல்யாணச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்த இரு சம்பந்தி வீட்டார் முன்னால், பில்லிங் ஸ்கிரீனில் சீட்டாட்ட விளம்பரமும் அரைகுறை உடையில் ஒரு பெண்ணின் படமும் வந்து நின்றிருக்கின்றன. ஒன்றை மூடினால் இன்னொன்று வருகிறது. அந்த கம்ப்யூட்டரில் பில் போடுகிற செல்வி, தோளில் பையை மாட்டியபடி வாசல் பக்கம் நின்றாள்.

"பாக்கக்கூடாததைப் பாத்திருக்கா. பாக்காமலா வருது? நாளையில இருந்து வரவேண்டாம்னுட்டேன்" என்றார் அண்ணாச்சி.

"பில்லத் தவிர ஒண்ணையும் நான் தொடலக்கா. யாரு நம்புதா?" என்றாள் செல்வி. அவள் வீட்டுக்காரர் முதுகு வலியோடு வீட்டில் இருக்கிறார். குடும்பம் ஓடுவது இவள் சம்பளத்தில். அதைவிட, இந்தப் பெயரோடு வெளியே போனால் அந்தச் சின்ன ஊரில் வேறு எந்தக் கடை அவளைச் சேர்க்கும்?

கண்ட இடத்துக்குப் போனால்தான் இப்படி விளம்பரம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இலவசமாக ஏதாவது சாஃப்ட்வேர் இறக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறவை இவை.

உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். யாரும் கேட்டிராத மூன்று புரோகிராம்களை அன்இன்ஸ்டால் செய்தேன். பிரவுசரில் ஒட்டியிருந்த எக்ஸ்டென்ஷனை எடுத்தேன். நோட்டிஃபிகேஷன் அனுமதிகளை ரத்து செய்து, ஹோம்பேஜைப் பழையபடி வைத்தேன். ஸ்கேனில் ஒரு பஞ்சாங்க சாஃப்ட்வேரும் மாட்டியது. அதையும் தூக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். ஸ்கிரீன் சுத்தமாக வந்தது.

"எம் பஞ்சாங்கத்தையுமா எடுத்துட்ட? ராகுகாலம் பாக்கண்டாமா?" என்று அண்ணாச்சி பதறினார். "சரி விடு, நானே ஏத்திக்கிடுதேன். போன வாரமும் நான்தான ஏத்துனேன்."

"ஏத்துங்க அண்ணாச்சி, பாப்போம்" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன்.

ஒற்றை விரலால் தட்டித் தேடி, முதலில் வந்ததை இறக்கி, செட்டப்பை ஓடவிட்டார். நடுவில் ஒரு பெட்டி வந்தது. கம்ப்யூட்டரை வேகமாக்க இன்னொரு சாஃப்ட்வேரும் வேண்டுமா என்று கேட்டது. கீழே அக்செப்ட், டிக்ளைன் என்று இரண்டு பட்டன். அக்செப்ட் அமுக்கினார். அடுத்த பெட்டிக்கும் அதே. அதற்கடுத்ததற்கும் அதே.

"எதுக்கு எல்லாத்துக்கும் சரி குடுக்கீங்க?"

"மத்தது வேண்டாம்னு வெரட்டுத பட்டன்லா? கடையில உக்காந்துக்கிட்டு அதை அமுக்கலாமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கடையில் யாரும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். சரக்கு தீர்ந்திருந்தால் 'நாளைக்கு வரும்' என்பார்கள். அவர் அப்பா காலத்து வழக்கம். வியாபாரிக்கு அந்த வார்த்தை ஆகாது. டிக்ளைனும் அவருக்கு அதே கணக்குதான்.

அவர் பேசி முடிக்கவும் ஸ்கிரீன் மூலையில் சீட்டுக்கட்டு விரியவும் சரியாக இருந்தது. செல்வியும் பார்த்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "வந்தவங்களை எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சது நீங்கதானா அண்ணாச்சி?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுபடி எல்லாவற்றையும் எடுத்தேன். பஞ்சாங்கத்தை, அதைச் செய்தவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக் கொடுத்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று ஓடாதீர்கள். 'கஸ்டம்' (Custom) என்று ஒரு ஆப்ஷன் இருந்தால் அதைத் திறந்து, முன்கூட்டியே போட்டிருக்கும் டிக்கை எடுங்கள். பந்தியில் கையை மறிக்காவிட்டால் இலையில் வைத்துக்கொண்டேதான் போவார்கள். இன்னொன்று, வந்ததை எடுப்பது பாதி வேலைதான். எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்காமல் கிளம்பாதீர்கள். கிளம்பியிருந்தால் அன்று செல்வியும் என் பின்னாலேயே வெளியே வந்திருப்பாள்.

இப்போது அந்தக் கடையில் எது இன்ஸ்டால் செய்தாலும் டிக்ளைன் அமுக்குவது செல்விதான். "அந்தப் பட்டனை நீயே பாத்துக்கிடு தாயி" என்று அண்ணாச்சி பொறுப்பை அவளிடம் விட்டுவிட்டார்.

ஆனால் எனக்கு மறக்காதது, அன்று நான் கிளம்பும்போது நடந்தது. சம்பந்தி வீட்டார் இன்னும் குத்துவிளக்கு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து, கடை நடுவில் வந்து நின்று, அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"செல்வி மேல தப்பு இல்ல."

அவர் வாயால் 'இல்ல' என்ற அந்த வார்த்தையை அந்தக் கடைக்குள் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். செல்வி பையைத் தோளிலிருந்து இறக்கி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த பில்லுக்கு உட்கார்ந்தாள்.