குரங்குக்குப் பயந்த வேன்

சஃபாரிப் பூங்காவுக்குள் ஓட்டிப்போகிற வண்டிகளின் முன்கண்ணாடியையே குரங்குகள் கழற்றிவிடுகின்றனவாம். மைத்துனன் யாரோ சொல்லக் கேட்டு வந்து சொன்னான். சொன்னவனும் கண்ணால் கண்டவன் இல்லை.

கேட்ட கண்ணாடிக்காரருக்குக் காது சுட்டது. பாதி ஆயுளை வண்டிக் கண்ணாடி மாட்டியே கழித்தவர் அவர். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி வரும் ரப்பருக்குள், சோப்புத் தண்ணீர் தடவி, நைலான் கயிற்றைச் செலுத்தி, உள்ளிருந்து மெல்ல உருவி, கண்ணாடியை உட்கார வைப்பதில் அவருக்கு அவரே நிகர்.

"அதனால நாளைக்குப் பூங்காவுக்கு என் புது வேன் வராது மாமா," என்று மைத்துனன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான். "பூங்கா பஸ்லயே எல்லாரும் போயிடலாம்."

"எல்லாருமா? உங்கக்கா அந்த உயரப் படியில ஏறுவாளா?"

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் கம்பி வைத்ததிலிருந்து அவர் மனைவிக்கு உலகம் என்பது கட்டில், சன்னல், ஆஸ்பத்திரித் தாழ்வாரம். நடக்காமல், ஏறி இறங்காமல், உட்கார்ந்தபடியே பார்க்க ஓர் இடம் வேண்டுமென்று அவளே தேடிப் பிடித்ததுதான் அந்தப் பூங்கா. ஒட்டகச்சிவிங்கி வண்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து எட்டிப்பார்க்குமாம். அதை ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருந்தாள்.

"அக்கா வீட்லயே இருக்கட்டும் மாமா. வீடியோ எடுத்துட்டு வர்றோம். டிவில போட்டு ஆற அமரப் பாக்கட்டும்."

உள்ளறையிலிருந்து ஊன்றுகோல் சத்தம் வந்தது. மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேய், டிவில பாக்க நீ எதுக்குடா? அதுல தினமும் ஒட்டகச்சிவிங்கி வருது. உன்னைவிட ஒழுங்கா வருது."

மைத்துனன் அசடு வழிந்தான். "இல்லக்கா, ரப்பரைக் குரங்கு கயிறாட்டம் உருவிடுச்சாம். கண்ணாடி அப்படியே ஓட்டினவர் மடியில வந்து உக்காந்துச்சாம், குழந்தை மாதிரி."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். மடியில் குழந்தை மாதிரி! இந்தக் கதையைப் பெற்றவரே அவர்தான். ஒரு பழைய வண்டியின் இற்றுப்போன ரப்பரைக் குரங்கு இழுத்தது உண்மை. அதுவும் விரல் நீளம்தான். மிச்சமெல்லாம் முடிவெட்டும் கடை நாற்காலியில் உட்கார்ந்து அவர் சேர்த்த கைச்சரக்கு.

"உனக்கு யாருடா சொன்னது?"

"முடிவெட்டுறவர்தான். அவருக்கு யாரோ கண்ணாடி வேலையில பெரிய ஆள் சொன்னாராம்."

மனைவி கணவனைப் பார்த்தாள். தவளை தன் வாயால் கெட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பெரிய ஆள் நான்தான்டா! சும்மா சிரிப்புக்காகச் சொன்னது. உன் வேன்ல கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருக்கு. குரங்குப் படையே வந்து தொங்கினாலும் அசையாது. மிஞ்சிப்போனா ஒரு வைப்பர் போகும், நானே மாட்டித் தர்றேன்."

"அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா மாமா? புது வண்டி. எதுக்கு வம்பு?"

செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டான்.

கண்ணாடிக்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேனுக்கு இருக்கிற மதிப்பு கூடப்பிறந்தவளுக்கு இல்லை! வண்டியில் ஒரு கீறல் விழுந்துவிடக் கூடாதாம், ஆனால் அக்கா நாலு சுவருக்குள் கிடக்கலாமாம். சாக்கு எடுத்துக் கொடுத்தது தன் வாய்தான் என்பதால் கோபம் தணியவில்லை, இரண்டு பங்கானது.

"கத்தினது போதும். நம்ம வண்டி இருக்குல்ல?" என்றாள் மனைவி.

"அது கண்ணாடி ஏத்துற சரக்கு வண்டி."

"முன்னால ரெண்டு பேர் உக்காரலாமே. ஆஸ்பத்திரிக்கு அதுலதானே ஏறிப் போறேன்? எத்தனை கண்ணாடிய உடையாம கொண்டுபோய்ச் சேத்திருக்கீங்க. என்னைக் கொண்டுபோக மாட்டீங்களா?"

"சரக்கு வண்டிய உள்ள விடுவாங்களான்னு தெரியலையே."

"கேளுங்க."

பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டார். மணி போனது. நின்றது. மறுபடி போட்டார்.

"சிங்கத்துக்கு வேளாவேளைக்குக் கறி போட ஆள் இருக்கு, போனை எடுக்க ஒருத்தன் இல்ல! இவனுங்க எல்லாம்..."

"வச்சிடாதீங்க," என்று அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது.