பாலி ஹவுஸில் இழுத்த ஒயர்

எனக்கும் என் கணவருக்கும் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி ஓசூரில் பாகலூர் சாலைப் பஸ் நிறுத்தத்தில் நடந்தவை. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் நாங்கள் இருவரும் விழித்தபடி சந்தித்துக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான். அவர் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன், விடிவதற்கு முன்பே கிளம்பும் முதல் ஷிப்ட். நான் கன்ட்ரோலர் போர்டு செய்யும் கம்பெனியில் அசெம்பிளி லைனில், மதியம் போய் ராத்திரி திரும்பும் இரண்டாவது ஷிப்ட். எல்.கே.ஜி. படிக்கும் மகளோடு யாராவது ஒருவர் இருக்க வேண்டுமே என்று நாங்களாகக் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது.

மதியம் அவருடைய கம்பெனி பஸ் அவரை இறக்கிவிட்டுப் போகும். கொஞ்ச நேரத்தில் என்னுடையது வந்து என்னை அள்ளிக்கொண்டு போகும். இடையில் கிடைக்கும் சில நிமிடங்களில் குழந்தை, சாவி, இருமல் மருந்து, கேஸ் சிலிண்டர் பற்றிய செய்தி எல்லாம் கைமாற வேண்டும். சண்டை பாக்கி இருந்தால் அதையும் அங்கேயே முடிக்க வேண்டும். முடியாவிட்டால் மறுநாள் மதியம் தொடரும். நான் திரும்பி வரும்போது மகள் தூங்கியிருப்பாள். தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பது எனக்கு அலுத்துப் போயிருந்தது. அவள் பேசுவதை நான் கேட்க வேண்டும், அதுவும் சாயங்காலத்தில். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அப்போதுதான் எங்கள் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் ஓர் இடம் காலியானது. ஜெனரல் ஷிப்ட். காலையில் போனால் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடலாம். பிரிவின் தலைவி தினமும் அத்திப்பள்ளியிலிருந்து வருகிற கன்னடக்கார அம்மா. சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர் என்று லைனில் நாங்கள் பேசிக்கொள்வோம். நான் போய் நின்றதும் என் டிப்ளமோ சான்றிதழை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மோட்பஸ் தெரியுமா?"

"படிச்சிருக்கன் மேடம்."

"படிச்சது வேண்டாம் மா. அஞ்சு சென்சாரை ஒரே ஒயர்ல பேச வெச்சு, ஒரு நாள் முழுக்க ஓட விட்டு, அந்தப் பதிவை எடுத்துட்டு வா. மேஜை மேல ஒரு ஜாண் ஒயர்ல எல்லாமே பேசும். அது எனக்கு வேண்டாம். நீளமா இழு."

கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும், அதற்குத்தான் புரோட்டோகால் என்று பெயர். மோட்பஸ் அதில் பழைய, நல்ல ஒழுங்கு. நடுவில் ஒருவர் மாஸ்டர். அவர் முகவரி சொல்லிக் கூப்பிட்டால் அந்தச் சென்சார் மட்டும் பதில் சொல்லும், மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் நடக்காத விஷயம் என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்துப் போனது.

காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சமையல்கட்டு மேடையில் கடையை விரிப்பேன். முதல் நாளே மண்ணைக் கவ்வினேன். வாங்கிய சென்சார்கள் அத்தனைக்கும் அவற்றைச் செய்த கம்பெனியிலேயே ஒன்று என்று முகவரி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அது தெரியாமல் ஐந்தையும் ஒன்றாக மாட்டி ஒன்றாம் நம்பரைக் கூப்பிட்டேன். ஐந்தும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, திரையில் வெறும் குப்பை. பிறகு ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று முகவரி மாற்றினேன். அதன் பிறகு ஒவ்வொன்றும் தன் முறை வந்ததும் சமையல்கட்டின் சூட்டைச் சொன்னபோது சத்தியமாகக் கை தட்டிவிட்டேன். குக்கர் விசில் வந்தால் இரண்டாம் நம்பர் மட்டும் ஏறும். அதைப் பார்க்கவே மூன்று விசில் போதுமான பருப்பை ஆறு விசில் விட்டுக் குழைத்தேன்.

நீளமாக இழுக்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை. பாகலூர் தாண்டி என் கணவரின் அக்காவுக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, ரோஜா பாலி ஹவுஸ் இருக்கிறது. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே பாத்தி பாத்தியாகப் பூ. எந்த மூலையில் சூடு ஏறுகிறது என்று பார்க்க வெயில் நேரத்தில் அண்ணி கோடிக்குக் கோடி நடப்பார். விஷயத்தைச் சொன்னதும், "இதுங்க நம்பர் சொல்லிட்டா நான் ஏம்மா நடக்கப் போறன்? இன்னிக்கே மாட்டுங்க" என்றார்.

ஒயர் இழுக்கும் வேலையை என் கணவர் யாரையும் தொடவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுகளுக்கு வயரிங் செய்யப் போகிறவர் அவர். நட்ட நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்தார். அங்கிருந்து நான்கு மூலைக்கும் வாசலுக்கும் தனித்தனியாக ஒயர் இழுத்து, கிளிப் அடித்து, நூல் பிடித்ததுபோல் முடித்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நானும் என் பங்குக்குப் புத்தகத்தில் படித்ததைச் செய்தேன். முனைக்குப் போன சிக்னல் முட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடக் கூடாது, அதனால் ஒயரின் முனையில் ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும் என்று படித்திருந்தேன். முனைக்கு ஒன்றாக மாட்டிவிட்டேன்.

வாசலில் ஒரு சின்னத் திரையோடு வைத்த மாஸ்டர் கூப்பிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த சில நாட்கள் பஸ் நிறுத்தத்தில் ஒரே ரகளை.

"உங்க ஒயர்லதான் ஏதோ இருக்குது."

"என் ஒயர்ல ஒரு குத்தமும் இல்ல. மீட்டர் வெச்சுப் பாத்துட்டன். உன் புரோகிராம்ல பாரு."

"என் புரோகிராம் வீட்ல நல்லாத்தான ஓடுச்சு?"

"என் வயரிங்ல ஊர்ல அத்தன வீட்லயும் லைட்டு எரியுது."

மகள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். அதற்குள் என் பஸ் ஹாரன் அடிக்கும். நான் ஏறி ஜன்னல் வழியாகவும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவேன். கோபம் ஒரு பக்கம் என்றால் பயம் ஒரு பக்கம். அந்த இடத்துக்கு லைனிலேயே இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் நான் மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தார். "ஏம்மா, பூ வெட்டறவங்க கை பட்டு ஒரு மூலை ஒயர் பாக்ஸ்லருந்து புடுங்கிக்கிச்சு. எதிர்மூலை ஒயரும் அதோட வந்துடுச்சு. திட்டாத. ஆனா இப்பதான் மத்ததுங்க நம்பர் காட்டுது!"

பஸ் நிறுத்தத்தில் சண்டையைத் தள்ளி வைத்துவிட்டு இதைச் சொன்னேன். அவர் மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டே யோசித்தார்.

"ரெண்ட கழட்டினா மத்தது வருதுன்னா, லோடு ஜாஸ்தின்னு அர்த்தம். ஒயர் முனைல என்னா மாட்டின?"

"ரெசிஸ்டர். எல்லா முனையிலயும்."

"எத்தன மாட்டச் சொல்லியிருக்குது?"

"ரெண்டு முனைலயும்னு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பஸ் வந்துவிட்டது.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் எல்லாம் பளிச்சென்று புரிந்தது. புத்தகம் சொன்ன ஒயருக்கு இரண்டே முனைதான். அது ஒரு சென்சாரிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று ஒரே கோடாகப் போகிற ஒயர். என் கணவர் வீடுகளுக்கு இழுப்பதுபோல் நடுவிலிருந்து ஐந்தாகப் பிரித்துவிட்டார். நான் ஐந்து முனையைப் பார்த்ததும் ஐந்து ரெசிஸ்டர் மாட்டிவிட்டேன். ஐந்தும் சேர்ந்து சிக்னலையே விழுங்கிவிட்டன. ஆளுக்குப் பாதித் தப்பு. எனக்கு ஒரே சிரிப்பு. கம்பெனிக்கு செல்போன் எடுத்துப் போகக் கூடாது, ராத்திரி திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார் என்பதால் அவரிடம் சொல்ல மறுநாள் மதியம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் வேலை செய்தவள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் மெல்ல ஆரம்பித்தேன். "ஏங்க, உங்க வயரிங் ரொம்ப அழகு."

"புடுங்கணுமா?" என்றார் அவர்.

தலையாட்டினேன். அவர் முகம் சுருங்கத்தான் செய்தது. மகளின் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம புடுங்கிடலாம் வுடு. ஆனா கிளிப்ப நீதான் கழட்டணும்" என்றார்.

அந்த ஞாயிறு முழுவதும் திருவிழாதான். நான் கிளிப்பைக் கழற்ற, அவர் ஒயரைச் சுருட்ட, அண்ணி பூ வெட்டுகிறவர்களைக் கன்னடத்தில் ஒரு பக்கமும் தெலுங்கில் ஒரு பக்கமும் விரட்ட, மகள் பாத்திகளுக்கு நடுவே ஓடினாள். புது வயரிங்கை வாசலில் தொடங்கி ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் போக விட்டோம். "பூ தொடுக்கற மாதிரி ஒரே நூல்தான், இதுக்கா இத்தன நாளு?" என்று அண்ணி கேட்டார். இரண்டு முனையில் இரண்டே ரெசிஸ்டர். ஸ்விட்சைப் போட்டேன்.

ஒன்று பதில் சொன்னது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது வர ஒரு நொடி தாமதமானது. வந்துவிட்டது. நான் கத்திய கத்தலில் ரோட்டில் போனவர்கூட எட்டிப் பார்த்தார். என் கணவர் சின்னத் திரையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நம்பர் மாறுவதைக் கொள்ளைச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு நேரம் அவர் முகத்தைப் பார்த்தே நாளாகியிருந்தது.

ஒரு நாள் முழுக்க ஓடிய பதிவை டெஸ்டிங் தலைவியிடம் கொடுத்தேன். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"மூணாம் நம்பர் இங்க ஏன் திடீர்னு ஏறுது?"

"என் பொண்ணு கையால பொத்திப் பிடிச்சுட்டா மேடம்."

"முனைல எத்தனை ரெசிஸ்டர்?"

"மொதல்ல அஞ்சு. அப்பறம் ரெண்டு." நடந்ததை மறைக்காமல் சொன்னேன், ஜங்ஷன் பாக்ஸையும் சேர்த்து. அவர் சிரித்தார். லைனில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "ஆய்த்து மா. முதல்ல தப்பா மாட்டினவங்கதான் எனக்கு வேணும். திங்கட்கிழமைலருந்து இங்க வா."

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மஞ்சள் வெயில் இருக்கும்போதே பஸ்ஸை விட்டு இறங்கினேன். நிறுத்தத்தில் யாரும் காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போனபோது அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். மகள் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்து, வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றாள். அடுப்பருகே அவரைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"இப்ப யாரு கம்பெனிக்குப் போறீங்க?"

"யாரும் போகல" என்றேன்.

"அப்பா?"

"அப்பாவும் போகல."

அவள் நம்பவில்லை. கதவைத் தள்ளிச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட எக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. அவர் டீயை இறக்கி வைத்துவிட்டு வந்து அவளைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு கையாலும் இழுத்து அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.